கதவருகே நிற்பவர்கள்: கூட்டல் கழித்தலில் அடைப்புக்குறியைச் சொல்லிக்கொடுக்க ஒரு வழி

அடைப்புக்குறிக்குள் போவதற்கு முன்னால் குழந்தையிடம் ஒரே ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

12 − 5 + 3

ஒரு வார்த்தையும் உதவிக்குச் சொல்லாதீர்கள். விடை 10 என்று வந்தால் மேலே படியுங்கள். 4 என்று வந்தால் அடைப்புக்குறியை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிடுங்கள். அந்தக் குழந்தை ஐந்தையும் மூன்றையும் முதலில் கூட்டி, அந்த எட்டைப் பன்னிரண்டிலிருந்து கழித்திருக்கிறது. அதாவது யாரும் போடாத ஓர் அடைப்புக்குறியைத் தன் மனசுக்குள் தானே போட்டுக்கொண்டிருக்கிறது. இந்தப் பழக்கம் இருக்கும்போது அடைப்புக்குறியைக் காட்டினால், குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

நான் தொடக்கப் பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறவள். வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அப்பா அம்மாக்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இதுதான்: "அடைப்புக்குள்ள இருக்கிறதை முதல்ல செய்னு சொல்லியாச்சு மிஸ். தலையாட்டுறான். மறுநாள் கேட்டா மறந்துடுறான்." மறக்கத்தான் செய்வான். "முதலில் செய்" என்பது ஒரு கட்டளை. எதற்காக முதலில் என்று தெரியாத கட்டளை எட்டு வயதில் எவ்வளவு நேரம் நிற்கும்? அடைப்புக்குறி தேவைப்படும் ஒரு நிலைமையைக் குழந்தை முதலில் சந்திக்க வேண்டும். விதி அப்புறம் வந்தால் போதும். பாடப் பயிற்சிகளில் பெரும்பாலும் அடைப்புக்குறி ஏற்கெனவே போடப்பட்டிருக்கும், குழந்தை அதைக் கரைக்க மட்டுமே செய்யும். நான் தலைகீழாகப் போகிறேன். முதலில் குழந்தை தன் கையால் அடைப்புக்குறியைப் போடட்டும். அதைக் கரைப்பது அதைவிடச் சுலபம்.

முதலில் அந்த 4 வந்த குழந்தையைக் கவனிப்போம். வீட்டில் அண்ணனோ அக்காவோ இருந்தால், எந்தச் செயலை முதலில் செய்வது என்று நினைவில் வைக்க உதவும் "போட்மாஸ்" (BODMAS) என்ற ஆங்கிலச் சொல் அதன் காதில் விழுந்திருக்கும். அந்தச் சொல்லில் கூட்டலுக்கான எழுத்து கழித்தலுக்கு முன்னால் வருவதால், கூட்டலைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று பெரியவர்களில் பலரே நம்புகிறார்கள். அப்படி இல்லை. கூட்டலும் கழித்தலும் ஒரே படியில் நிற்பவை. அடைப்பு இல்லாத கணக்கில் இடமிருந்து வலமாகப் போக வேண்டும், எது முதலில் எதிர்ப்படுகிறதோ அதை முதலில் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வயதுக் குழந்தைகளிடம் போட்மாஸ் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். பெருக்கலும் வகுத்தலும் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பேருந்து

ஒரு தாளும் இருபது பொத்தான்களும் எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தான் இல்லாவிட்டால் சின்னக் கூழாங்கற்கள். தாளில் ஒரு நீளமான செவ்வகம் வரையுங்கள். அதுதான் பேருந்து. செவ்வகத்துக்குள் வலது ஓரத்தில் கதவு. கதவுக்கு உள்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு போடுங்கள். இறங்கப் போகிறவர்கள் வந்து நிற்கும் இடம் அது. அந்த வளைவுகள் எதற்கு என்று இப்போது விளக்க வேண்டாம்.

முதல் நாள் கதவருகே யாரும் நிற்க வேண்டாம், ஏறுவதும் இறங்குவதும் மட்டும் நடக்கட்டும். "பேருந்தில் 20 பேர். 8 பேர் இறங்கினார்கள். 5 பேர் ஏறினார்கள். இப்போது எத்தனை பேர்?" குழந்தை பொத்தான்களை நகர்த்தட்டும், நகர்த்தியதை நகர்த்திய வரிசையிலேயே எழுதட்டும்: 20 − 8 + 5. விடை 17. நடந்த வரிசையில்தான் எழுதினோம், எழுதிய வரிசையில்தான் கணக்கிடுகிறோம் என்பது அதன் கையிலேயே தெரியும். முன்பு 12 − 5 + 3 என்பதற்கு 4 சொன்ன குழந்தையிடம் அதே கணக்கைப் பேருந்தாக ஓட்டச் சொல்லுங்கள். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் இறங்குகிறார்கள், மூன்று பேர் ஏறுகிறார்கள். எட்டு பேர் இறங்கிய மாதிரி எங்கேயாவது நடந்ததா? இல்லை. நீங்கள் திருத்த வேண்டியதே இல்லை, அது தானே அழித்துவிட்டு மாற்றி எழுதும்.

இது கையில் நன்றாகப் படிந்த பிறகு கதவுக்கு வாருங்கள்.

"பேருந்தில் 20 பேர். நிறுத்தம் வந்தது. 8 பேர் எழுந்து கதவருகே வந்தார்கள். அதில் 5 பேர் வெளியே எட்டிப் பார்த்து, 'அட, இது நம் நிறுத்தம் இல்லை' என்று திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் இறங்கினார்கள். பேருந்தில் இப்போது எத்தனை பேர்?"

குழந்தை எட்டுப் பொத்தான்களை வளைவுகளுக்கு நடுவே கொண்டுவரும். ஐந்தைத் திருப்பி அனுப்பும். மிச்சம் மூன்று. அவைதான் பேருந்தைவிட்டு வெளியே போகின்றன. விடை 17. இதுவரை சிரமம் இருக்காது. இப்போது எழுதச் சொல்லுங்கள்.

கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் 20 − 8 − 5 என்றுதான் எழுதுவார்கள். எழுதட்டும். அதைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 7 வரும். ஆனால் தாளில் 17 பொத்தான்கள் இருக்கின்றன. இந்த இடத்தில் அவசரப்பட்டு வாயைத் திறக்காதீர்கள். "நான் எழுதியது நான் செய்ததைச் சொல்லவில்லையே" என்று குழந்தை குழம்புகிற இந்தச் சில நிமிடங்கள்தான் முழுப் பாடமும். சில குழந்தைகள் பொத்தான்களை மறுபடி எண்ணுவார்கள். சிலர் கழித்தலை மறுபடி போடுவார்கள். இரண்டும் சரியாகவே இருக்கும். ஒரு பையன் கேட்டான், "மிஸ், அந்த அஞ்சு பேர் இறங்கவே இல்லைன்னு எப்படி எழுதுறது?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது. வராவிட்டால் நீங்களே கேளுங்கள்: "இருபதிலிருந்து நிஜமாகக் கழிந்தது எட்டா, ஐந்தா, வேறு ஏதாவதா?" மூன்று. அந்த மூன்று எங்கே உருவானது? கதவருகே, அந்த இரண்டு வளைவுகளுக்கு நடுவே.

இப்போது தாளில் இருக்கும் வளைவுகளைக் காட்டி, அவற்றை அப்படியே கணக்குக்குள் கொண்டுவாருங்கள்:

20 − (8 − 5)

"கதவருகே நடந்ததை இந்த வளைவுகளுக்குள் எழுதுவோம். அங்கே நடப்பது முடிந்த பிறகுதான் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று தெரியும்." முதலில் செய்ய வேண்டியது ஏன் என்பது இதிலேயே அடங்கிவிட்டது. தனியாக விதி சொல்லத் தேவையில்லை. எப்போதாவது குழந்தை மறந்து நின்றாலும் "கதவருகே எத்தனை பேர் மிச்சம்?" என்று கேட்டால் போதும்.

அதே நாளில் இன்னொரு கதையும் சொல்லுங்கள். முன்கதவில் 8 பேர், பின்கதவில் 5 பேர், இரண்டு பக்கமும் இறங்கிவிட்டார்கள். குழந்தை 20 − 8 − 5 என்றும் எழுதலாம், 20 − (8 + 5) என்றும் எழுதலாம். இரண்டுக்கும் 7. முன்னே தப்பாக வந்த 20 − 8 − 5 என்ற அதே வரி இப்போது சரியான கணக்காகிவிட்டதைக் குழந்தையிடம் சொல்லுங்கள். அந்த வரியில் தவறு எதுவும் இருக்கவில்லை. வேறொரு கதையை அது சொல்லிக்கொண்டிருந்தது.

வாயால் சொல்லும்போது வரும் சிக்கல்

தமிழில் சொல்லிக்கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நாம் இயல்பாகப் பேசும்போது "எட்டில் ஐந்து போக மீதியை இருபதிலிருந்து கழி" என்போம். வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் எட்டும் ஐந்தும் முதலில் வந்துவிடுகின்றன, இருபது பின்னால் வருகிறது. காதில் விழுந்த வரிசையிலேயே எழுதும் குழந்தை (8 − 5) − 20 என்று எழுதி வைத்துவிட்டு உங்களைப் பார்க்கும். குழந்தைக்குப் புரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் சொன்னதை அது அப்படியே எழுதியிருக்கிறது.

அதனால் வாக்கியத்தை உடைத்துச் சொல்லுங்கள். "இருபதிலிருந்து கழிக்கணும். எதை? எட்டில் ஐந்து போக மீதியை." நடுவே வரும் அந்த "எதை?" தான் அடைப்பின் இடதுபக்க வளைவு. அதைச் சொல்லும்போது ஒரு நொடி நிறுத்துங்கள். கூட்டல் என்றாலும் இதே மாதிரிதான்: "ஒன்பதோடு கூட்டணும். எதை? ஆறில் இரண்டு போக மீதியை." அதாவது 9 + (6 − 2). சில நாளில் குழந்தையே "எதை?" என்று கேட்க ஆரம்பித்துவிடும். எழுதியிருக்கும் கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொல்லும்போதும் இதே முறையில் படிக்கப் பழக்குங்கள். "இருபது கழித்தல் அடைப்பு எட்டு கழித்தல் ஐந்து அடைப்பு" என்று ஒப்பிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

எழுதும் முறை

நோட்டுப் புத்தகத்தில் நான் விடாப்பிடியாக இருக்கும் இடம் இது. ஒரு வரிக்கு ஒரு செயல்தான்.

20 − (8 − 5)
= 20 − 3
= 17

அடைப்புக்குள் இருப்பதற்குக் கீழே வண்ணப் பென்சிலால் ஒரு கோடு. அதற்கு நேர் கீழே அதன் விடை. மற்றதெல்லாம் எந்த மாற்றமும் இல்லாமல், இருந்த இடத்திலேயே அடுத்த வரிக்கு இறங்க வேண்டும். இருபது முதலில் இருந்தது, கீழேயும் முதலிலேயே இருக்கும். "முதலில் செய்" என்பதைக் குழந்தைகள் "முதலில் எழுது" என்று எடுத்துக்கொள்வதால்தான் 3 − 20 என்ற வரி பிறக்கிறது. நேர் கீழே இறக்கும் பழக்கம் வந்தால் அது வராது.

இன்னொன்று, தொடர்வண்டி மாதிரி நீளும் இந்த வரி:

8 − 5 = 3 = 20 − 3 = 17

விடை சரி. அதனால் பல வீடுகளில் இதற்குச் சரி போட்டுவிடுகிறார்கள். நான் போடுவதில்லை. "மூன்றும் பதினேழும் ஒன்றா?" என்று மட்டும் கேட்பேன். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும் என்பது இந்த வயதில் கண்ணில் படாமல் போய்விட்டால், பின்னாளில் இயற்கணிதம் வரும்போது அங்கே வந்து இடிக்கும். சமக்குறியை "விடையை எழுதும் இடம்" என்று நினைத்துக்கொண்டு வளரும் குழந்தைகள் நிறையப் பேர்.

இடைக்கால வரியில் 20 − (3) என்று அடைப்பையும் சேர்த்து எழுதும் குழந்தையைத் திருத்த வேண்டாம். தவறில்லை. கொஞ்ச நாளில் தானே விட்டுவிடும்.

அடிக்கோடு போடுவதைச் சிலர் சின்னப்பிள்ளைத்தனமாக நினைக்கிறார்கள். 1484இல் பிரெஞ்சுக் கணிதர் சுக்கே, சேர்த்துப் பார்க்க வேண்டியவற்றுக்குக் கீழே கோடுதான் போட்டார். வளைவுக் குறிகள் 1556இல் இத்தாலியரான தார்தாலியாவிடம் காணப்படுகின்றன. அதற்குப் பிறகும் நெடுங்காலம் மேல்கோடு போடும் வழக்கம் இருந்தது. வர்க்கமூலக் குறிக்கு மேலே நீளும் கோடு அதன் மிச்சம்தான். ஆக, உங்கள் குழந்தையின் வண்ணப் பென்சில் கோட்டுக்கு நல்ல பரம்பரை உண்டு.

கணக்குகளை நீங்களே தயாரிக்கும்போது

பெற்றோர் எழுதிக்கொடுக்கும் பயிற்சித் தாள்களைப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் வீண். ஏனென்றால் அவற்றில் அடைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை மாறாது.

(9 + 4) − 6
7 + (5 + 2)
8 + (6 − 1)

மூன்றிலும் அடைப்பை அழித்துவிட்டு இடமிருந்து வலமாகப் போட்டுப் பாருங்கள். 7, 14, 13. அதே விடைகள். அடைப்பைக் கண்டுகொள்ளாத குழந்தையும் மூன்றுக்கும் முழு மதிப்பெண் வாங்கிவிடும், நீங்களும் புரிந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பீர்கள். கூட்டல் கழித்தலில் அடைப்பு விடையை மாற்றுவது ஒரே ஒரு நிலைமையில்தான்: அடைப்புக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும்போது. ஆகவே தாளில் பாதிக் கணக்குகளாவது அப்படி இருக்கட்டும். மற்றவற்றையும் சேர்த்துக் கலந்துவிடுங்கள். எல்லாமே கழித்தல் என்றால் குழந்தை கணக்கைப் பார்க்காமல் பழக்கத்தில் போட ஆரம்பித்துவிடும்.

எண்களையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 9 − (6 + 5) போன்றவை பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். குறை எண்களை இன்னும் பார்க்காத குழந்தைக்கு அது அநியாயம். இதை எல்லோரும் கவனிப்பார்கள். கவனிக்காமல் விடுவது இன்னொன்று. 9 − (6 − 5) என்று கொடுத்தால் சரியான வழியில் 8 வருகிறது, நல்லதுதான். ஆனால் தவறான வழியில் போகும் குழந்தை 9 − 6 − 5 என்ற இடத்தில், மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்க முடியாமல் முட்டிக்கொண்டு, "ஓ, வேற மாதிரி செய்யணும் போல" என்று திரும்பிவிடும். கணக்கே அதற்குத் துப்புக் கொடுத்துவிட்டது. குழந்தை என்ன நினைக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமானால், தவறான வழியும் முட்டாமல் ஒரு விடைக்குப் போய்ச் சேர வேண்டும்.

எனக்குப் பிடித்த ஜோடி இது:

16 − (9 + 2)
16 − (9 − 2)

முதலாவதற்கு 5, இரண்டாவதற்கு 9. அடைப்பைப் பார்க்காமல் போட்டால் முதலாவதற்கு 9, இரண்டாவதற்கு 5. விடைகள் அப்படியே இடம் மாறிவிடும். தாளைத் திருத்தும்போது ஒரு பார்வையிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும், குழந்தையிடம் கேள்வி கேட்கவே வேண்டாம்.

கதையைக் குழந்தை சொல்லட்டும்

பொத்தான்களை எடுத்து வைத்துவிட்டு, கணக்கை எழுதிக்கொடுத்துக் கதை கேளுங்கள். 18 − (7 − 4) என்று எழுதுங்கள். பேருந்து வேண்டாம், வேறு கதை.

முதல் கதை அநேகமாக இப்படி வரும்: "என்கிட்ட 18 பென்சில். 7 தொலைஞ்சுபோச்சு. அப்புறம் 4 தொலைஞ்சுபோச்சு." இது 18 − 7 − 4. தப்பு என்று சொல்லாமல் அந்தக் கதையைக் குழந்தையையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த வரியையும் அது எழுதிய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

கொஞ்சம் முன்னேறினால் இப்படி வரும்: "தங்கச்சிக்கு 7 பென்சில் கொடுத்தேன். அவ 4 திருப்பிக் கொடுத்துட்டா." கறாராகப் பார்த்தால் இது 18 − 7 + 4. ஆனாலும் இதை ஏற்றுக்கொள்ளுங்கள், இது நல்ல கதை. ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இதில் அடைப்பு எங்கே இருக்கு?" தங்கையின் கையில். ஏழு வந்து, நான்கு போய், மூன்று நிற்பது அங்கேதான். இதைச் சொல்லத் தெரிந்த குழந்தை அடுத்த படிக்குத் தயார்.

பக்கங்களை வைத்தும் நல்ல கதைகள் வரும். புத்தகத்தில் 18 பக்கம் பாக்கி, இன்றைக்கு 7 பக்கம் படிப்பதாகத் திட்டம், அதில் 4 பக்கத்தை விட்டுவிட்டேன். இன்னும் எத்தனை பக்கம் பாக்கி? 15.

கதை சொல்ல வராத குழந்தைகளும் உண்டு. கணக்கு நன்றாகப் போடுவார்கள், கதை கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். அவர்களை வற்புறுத்தாதீர்கள். மூன்று கதைகளை நீங்கள் சொல்லி, எந்தக் கதை இந்த வரிக்குப் பொருந்துகிறது என்று கேளுங்கள், அதுவே போதும்.

அடைப்பை எடுப்பது

"அடைப்புக்கு முன் கழித்தல் இருந்தால் உள்ளே குறி மாறும்." இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிட்டு, எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியாமல் எல்லா அடைப்பிலும் குறியை மாற்றும் பெரிய வகுப்புப் பிள்ளைகளை நிறையப் பார்க்கலாம். இந்த வயதில் அந்த வாக்கியமே வேண்டாம். பேருந்துதான் இருக்கிறதே. 20 − (8 − 5) என்ற கதையையும் முதல் நாள் ஓட்டிய 20 − 8 + 5 என்ற கதையையும் சேர்த்து வையுங்கள். ஒன்றில் ஐந்து பேர் இறங்காமல் திரும்பிப்போய் உட்கார்ந்தார்கள். மற்றதில் எட்டு பேரும் இறங்கிவிட்டார்கள், ஐந்து பேர் ஏறினார்கள். இரண்டு பேருந்திலும் 17 பேர். ஏன் ஒரே எண்ணிக்கை என்று குழந்தையே சொல்லட்டும். "எட்டு பேரையும் இறக்கிட்டு, அந்த அஞ்சு பேரை மட்டும் மறுபடி ஏத்திக்கிட்ட மாதிரி" என்று ஒரு சிறுமி சொன்னாள். இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இது புரிந்துவிட்டால் மனக்கணக்குக்குப் பெரிய உதவி. 83 − 29 எப்படிப் போடுவது? முப்பது பேரைக் கதவருகே அழைத்து, ஒருவரைத் திருப்பி அனுப்புவோம்.

83 − 29
= 83 − (30 − 1)
= 83 − 30 + 1
= 54

முப்பதைக் கழித்தால் ஒன்றைக் கூடுதலாகக் கழித்துவிட்டோம், அதனால் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறோம். குழந்தைகள் இங்கே செய்யும் தவறு 83 − 30 − 1 என்று போட்டு 52 என்பது. "இருபத்தொன்பது பேர்தானே இறங்கணும், நீ எத்தனை பேரை இறக்கியிருக்கே?" என்று கேளுங்கள். முப்பத்தொன்று. உடனே பிடித்துக்கொள்ளும். அப்புறம் 504 − 198 மாதிரி பெரிய எண்களைக் கொடுத்துப் பாருங்கள். கடன் வாங்கி, அடித்து எழுதி, பத்துகளில் பூச்சியத்தைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்த குழந்தை, இருநூறைக் கழித்து இரண்டைத் திருப்பிக்கொடுத்து 306 என்று சொல்லும்போது அதன் முகத்தைப் பாருங்கள்.

கழிக்கும் எண்ணைக் கூட்டலாகவும் பிரிக்கலாம். 64 − 27 என்பது 64 − (24 + 3). முதலில் 24 போனால் 40, அப்புறம் 3 போனால் 37. கூட்டலில் அடைப்பு விடையை மாற்றாது என்பதும் இங்கே வேலைக்கு ஆகும். 38 + 47 என்பதை 38 + (2 + 45) என்று எழுதி, அடைப்பை இடது பக்கம் நகர்த்தி (38 + 2) + 45 என்று ஆக்கினால் 40 + 45, அதாவது 85. மூன்று எண்களும் கூட்டலில் இருக்கும்போது இப்படி நகர்த்துவது எப்போதும் சரியாக இருக்கும். நகர்த்திய அடைப்புக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் அப்படி இல்லை. (20 − 8) − 5 என்பதில் அடைப்பை நகர்த்தினால் என்ன ஆகும் என்று குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும்: ஒன்றில் 7, மற்றதில் 17.

அடைப்புக்குள் அடைப்பு

இதற்கு அவசரமே இல்லை. குழந்தை கேட்டால் மட்டும் சொல்லுங்கள். 20 − (8 − (5 − 2)) என்பதைப் பேருந்தில் ஓட்டினால் சிரிப்பாக இருக்கும்: எட்டு பேர் எழுந்து கதவருகே வந்தார்கள், ஐந்து பேர் திரும்பப் போனார்கள், அதில் இரண்டு பேர் "இல்லை இல்லை, இதுதான் நம் நிறுத்தம்" என்று மறுபடி ஓடிவந்தார்கள். உள்ளே இருக்கும் அடைப்பிலிருந்து வெளியே வாருங்கள்: மூன்று, ஐந்து, பதினைந்து. சதுர அடைப்பும் நெளி அடைப்பும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியத்தான், வேலை ஒன்றே.

வீட்டில் சாதாரண கால்குலேட்டர் இருந்தால் ஒரு விளையாட்டு. 20 − 8 − 5 என்று அழுத்தினால் 7 வரும். அடைப்புக்குறிப் பொத்தானே இல்லாத அந்தக் கருவியில் 20 − (8 − 5) என்பதை எப்படிப் போடுவது என்று குழந்தையிடம் கேளுங்கள். முதலில் எட்டில் ஐந்தைக் கழித்து மூன்றைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதை அது தானே கண்டுபிடிக்கும்.

போதுமா என்று பார்க்க

இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

25 − (9 + 6)
25 − (9 − 6)
25 − 9 + 6
25 − 9 − 6

விடைகள் 10, 22, 22, 10. விடை சரியாக வருவது பாதிதான். ஒரே விடை வரும் ஜோடிகள் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்று குழந்தை தன் வார்த்தையில் சொன்னால் இந்தப் பாடத்தை முடித்துவிடலாம். சொல்ல வராவிட்டால் பொத்தான்களை மறுபடி எடுங்கள். புதிய பயிற்சித் தாள் எதுவும் வேண்டாம்.

சொல்லிவிட்ட குழந்தைக்கு இதைக் கொடுங்கள்:

30 − 12 − 7 + 4

எண்களையும் குறிகளையும் அவற்றின் வரிசையையும் தொடக்கூடாது. அடைப்புக்குறிகளை மட்டும் விருப்பம்போல் போடலாம். எதுவும் போடாவிட்டால் 15. 7, 21, 29 ஆகிய மூன்றையும் கொண்டுவர வேண்டும். 7 சீக்கிரம் வந்துவிடும், 21 கொஞ்சம் நேரம் எடுக்கும். 29ஐ இரண்டு வழியில் கொண்டுவரலாம். ஒன்றில் ஓர் அடைப்பு போதும், மற்றதில் அடைப்புக்குள் அடைப்பு வேண்டும். விடைகளை நீங்கள் ஒரு துண்டுத் தாளில் எழுதி மறைத்து வைத்துக்கொள்ளுங்கள்: 30 − 12 − (7 + 4), 30 − (12 − 7 + 4), 30 − (12 − 7) + 4, 30 − (12 − (7 + 4)). கடைசி ஒன்றைக் கேட்காமலேயே கண்டுபிடித்துவிட்டால், பெருக்கல் குறியை உள்ளே விடலாம்.